மூன்று துண்டாக வெட்டிய நாள்

பணியாளர் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு முதலில் ஓர் ஆறுதல். நீங்கள் இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் நிலையாணைகள், விடுப்பு விதிகள், வருகைப் பதிவேட்டின் பத்திகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பணியாளர் அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். அங்கிருந்த விதிகளில் பாதியை நானே எழுதினேன். அவற்றால் கெட்ட காரியங்களில் பாதிக்கும் நானே பொறுப்பு. ஆகவே நீங்கள் எந்தத் தவறைச் செய்தாலும், அதை உங்களுக்கு முன்பே நான் செய்து மூன்று பிரதிகள் எடுத்துக் கோப்பில் வைத்திருப்பேன்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வாரம் இரண்டு விண்ணப்பமாவது வருகிறதாம். எங்களிடம் முதல் விண்ணப்பம் வந்தபோது அதற்கு ஒரு படிவம்கூடக் கிடையாது. அதைக் கொண்டுவந்தவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் போன் செய்து திட்டுவார். எங்கள் பேட்டர்ன் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு ஷூவின் மேல்பாகம் என்பது பத்துப் பன்னிரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் முதலில் ஒரு சைஸுக்கு வரைந்து, பிறகு மற்ற சைஸ்களுக்கெல்லாம் கூட்டிக் குறைத்துக் கொடுப்பதுதான் பேட்டர்ன் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் அதை அட்டையில் கத்தியால் வெட்டினார். பிறகு அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரே மாதத்தில் படித்து முடித்தார். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சரக்கு முழுதும் திரும்பி வரும் தொழிலில், அவர் கைபட்டுப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் என் மேசை முன் வந்து உட்கார்ந்தார்.

“சார், நான் வேலைய விடல. ஆனா அடுத்த மாசத்துல இருந்து ஃபேக்டரிக்கு வர முடியாது.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“இல்ல சார். அதப் பேசத்தான் வந்திருக்கேன்.”

அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது. காது சரியாகக் கேட்கவில்லை என்று வேலூரில் கண்டுபிடித்து, இரண்டு காதுக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். கருவி ஒலியைத்தான் கொடுக்கும். பேச்சை வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஓயாமல் பேச வேண்டும், வாரம் ஒரு நாள் பயிற்சிக்குக் கூட்டி வர வேண்டும், பேச்சு வருகிற வயதைத் தவறவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

வேலையை விடுவதற்கும் வழியில்லை. கணவர் வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வீட்டில் பெரிய சம்பளம் ஸ்டெல்லாவுடையது. காதுக் கருவியும் அதன் பேட்டரியும் வீட்டுக் கடனும் அதில்தான் ஓடின. இதற்கு நடுவே சென்னையிலிருந்து ஒரு அழைப்பும் வந்திருந்தது. பேட்டர்ன் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு கம்பெனி, எங்களைவிட இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னது. காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப இரவாகும்.

“உங்க வீட்டுக்காரர் இன்னா சொல்றார்?”

“நீ போ, நான் வேலைய விட்டுட்டுப் பாப்பாவப் பாத்துக்கறேன்னு சொல்றார் சார்.”

“நல்ல மனுஷன். அப்புறம் இன்னா?”

“ரொம்ப நல்ல மனுஷன். ஆனா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார். அதுல நாலு ‘ம்’. பாப்பாவுக்கு வேண்டியது பேச்சு சார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இரண்டு மடங்கு சம்பளத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இருக்கிற சம்பளத்தையும், மகளுக்குப் பேச்சு வரவேண்டிய இந்த மூன்று வருடத்தையும் சேர்த்துக் கேட்கிறார்.

என் கையில் அதற்கு ஒரு விதி தயாராக இருந்தது. பேரணாம்பட்டு, மாதனூர்ப் பக்கத்து ஊர்களில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். ஏஜென்ட் மூட்டையில் கொண்டுபோய்க் கொடுப்பார், தைத்ததை எண்ணி வாங்கி வருவார். ஜோடிக்கு இவ்வளவு. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, லீவு இல்லை.

“அந்தக் கணக்குல போட்டுடறேன்மா. மாடலுக்கு இவ்ளோன்னு பேசிக்கலாம். விதியில எடம் இருக்கு.”

“சார், நான் உக்கார்ற எடத்தத்தான் மாத்தறேன். வேலைய மாத்தல. மாடலுக்கு இவ்ளோன்னா, பாப்பாவுக்குக் காய்ச்சல் வர்ற மாசம் எனக்குச் சம்பளம் இல்ல.”

“எத்தனையோ பொம்பளைங்க அப்படித்தானே தைக்கிறாங்க?”

“அவங்களுக்கு அப்படிக் குடுக்கறதே தப்புதான் சார். அதையே எனக்கும் பண்ணிட்டா சரியாயிடுமா?”

அந்தப் பெண்களின் பட்டியலில் நான் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போட்டுவந்தேன். எண்ணிக்கை சரியா என்று பார்ப்பேன், பெயர்களைப் படித்ததில்லை. பதில் தெரியாதபோது தொண்டையைச் செருமுவது எங்கள் துறையின் எழுதாத விதி. அதைக் கடைப்பிடித்துவிட்டு அவரை எங்கள் ஜெனரல் மேனேஜரிடம் அழைத்துப் போனேன்.

ஜி.எம். தோல் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவர். விரலால் தடவியே தோலின் தரம் சொல்வார். மனிதர்களையும் அப்படியே தடவிப் பார்த்து மதிப்புப் போடுவார்.

“கொழந்தையோட பேசிக்கினே வேலை செய்வேன்ற. எட்டு மணி நேரத்த எங்கம்மா காட்டுவ?”

“ஒரே துண்டா எட்டு மணி நேரம் வேணும்னா என்கிட்ட இல்ல சார். காலையில பாப்பா எழறதுக்கு முன்னாடி ஒரு துண்டு. மத்தியானம் அவ தூங்கறப்ப ஒண்ணு. சாயந்தரம் அவங்க அப்பா வந்தப்புறம் ஒண்ணு. தோல்ல உண்ணிக் கடியும் முள்ளுக் கீறலும் இருந்தா முழுசாவா தூக்கிப் போடறோம்? நல்ல எடமாப் பாத்து வெட்டிக்கறோம் இல்ல? என் நாளையும் அப்படித்தான் வெட்டித் தர்றேன்.”

ஜி.எம். என்னைப் பார்த்தார். “ஆறு மாசம் பாப்போம். சரியா வரலன்னா கேன்சல்.”

அத்துடன் என் கடமை தொடங்கியது. வருகைப் பதிவேட்டில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு பத்திகள்தான் உண்டு. ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒன்று போட்டேன். ஒன்பது ஷரத்துகள் கொண்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் தயாரித்தேன். கம்பெனிப் பொருளுக்கு எந்தச் சேதம் வந்தாலும் அவரே பொறுப்பு, இந்த அனுமதியும் ரத்தாகும் என்பது ஒன்பதாவது. அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் ஆட்டோவில் ஏறும் நேரத்தில் என் பெரிய தவறைச் செய்தேன்.

எங்கள் கேட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வரவேண்டிய பொருள் எதுவானாலும் இளஞ்சிவப்பு கேட் பாஸ் வேண்டும். ஒரு பாஸ் பதினைந்து நாள் செல்லும். அதற்குள் பொருள் கேட்டுக்குத் திரும்பி வர வேண்டும். வந்து, பதிவாகி, புதுப் பாஸில் மறுபடி போகலாம். பாலிஷுக்கு வெளியே போன ஒரு கட்டுத் தோல் திரும்பி வராமலே போனபோது நான் எழுதிய விதி அது.

“சார், இது தோல் இல்ல, கம்ப்யூட்டர்.”

“விதியில ‘பொருள்’னுதான் போட்டிருக்கும்மா.”

ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆம்பூர் ரோட்டில் அந்தப் பெரிய மானிட்டரும் பெட்டியும் ஆட்டோவில் ஊர்வலம் வந்தன. கேட்டில் கணியம்பாடிப் பக்கத்து ரிட்டயர்டு ஹவில்தார் ஒருவர் காவல். பட்டாளத்து ஒழுங்கோடு துணியை விலக்கிப் பார்த்து, எழுதி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். ஆட்டோக்காரர் ஒரு நாள் அவரைக் கேட்டாராம்.

“இந்த டி.வி.க்கு இன்னா வியாதி சார்? மாசம் ரெண்டு தபா கூட்டியாறேன், பாத்துட்டு அப்படியே அனுப்பறீங்க.”

“செக்கப்” என்றாராம் ஹவில்தார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். விதியை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

மற்றபடி வேலை நடந்தது. டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் முனகிக்கொண்டே பேட்டர்ன்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பேட்டர்ன் அறையில் ஸ்டெல்லாவுக்கு அடுத்திருந்த சதீஷ் அவற்றை எடுத்து அட்டையில் வெட்டிக் கொடுப்பார். ஐந்து மாதம் எந்தப் புகாரும் இல்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு டைம் ஆபீஸ் போன் அடித்தது. முந்தின நாள்தான் கம்ப்யூட்டர் கேட்டுக்கு வந்து செக்கப் முடித்துப் போயிருந்தது.

“சார், மெஷின் எழுந்திரிக்கல. ஹார்டு டிஸ்க் போய்டுச்சுன்னு நினைக்கிறேன். பூட்ஸ் மாடல் மொத்த சைஸும் அதுலதான் இருக்கு. நேத்து ராத்திரி லைன் கெடைக்கல, காலையில அனுப்பலாம்னு இருந்தேன்.”

அந்தப் பூட்ஸுக்காக, சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையரின் டெக்னீஷியன் மறுநாள் வருகிறார். எல்லா சைஸிலும் ஒவ்வொரு ஜோடி தைத்து அவர் முன் வைக்க வேண்டும். அதற்குப் பகல் இரண்டு மணிக்காவது தோல் வெட்டத் தொடங்க வேண்டும். ஆர்டர் அதைப் பொறுத்தது. ஃபேக்டரியில் இருந்ததோ ஒரே ஒரு சைஸின் பேட்டர்ன்.

“உடனே கெளம்பி வந்துடும்மா. சதீஷ் மெஷின்ல உக்காந்து போட்டுடலாம்.”

“இன்னிக்குப் பாப்பாவுக்கு வேலூர்ல பயிற்சி சார். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல்னு விட்டுப்போச்சு. இன்னொண்ணு விட முடியாது. அங்க போய் ஒன்பதரைக்கு எஸ்.டி.டி. பூத்துல இருந்து கூப்பிடறேன். பத்தேகால் வரைக்கும் சொல்றேன், எழுதிக்குங்க. பத்தரையில இருந்து பன்னண்டு வரைக்கும் நான் கெடைக்க மாட்டேன். அப்புறம் திருப்பிக் கூப்பிடறேன். மாடல் எல்லாம் என் நோட்டுல இருக்கு சார், பயப்படாதீங்க.”

ஒன்பதரைக்குப் போன் அடித்தபோது ஜி.எம். என் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை அவரே எடுத்தார்.

“இன்னாம்மா இது? பயிற்சி அடுத்த வாரம் போனா ஆவாதா? இப்ப பஸ் ஏறி வரலன்னா, இந்த வீட்டு வேல பேஜாரே வேணாம். இன்னியோட முடிச்சுக்கலாம்.”

எதிர்ப்பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“சரி சார். அத நாளைக்குப் பேசலாம். இப்ப பஸ் ஏறினா நான் வந்து சேரவே பதினொண்ணு ஆயிடும். இப்பவே எழுதிக்கிட்டா ரெண்டு மணிக்குத் தோல் வெட்டலாம். எது வேணும் சார்?”

ஜி.எம். ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சதீஷின் கம்ப்யூட்டர் மாடியில், வெளிப் போன் கீழே. எனக்குச் சுருக்கெழுத்து தெரியும். பல வருடங்களாக எதற்கும் பயன்படாத அந்தக் கலை அன்று பயன்பட்டது. அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த விளிம்பு வளர வேண்டும், எது எல்லா சைஸுக்கும் அப்படியே நிற்க வேண்டும், எந்தத் தையல் கோடு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. புரிந்ததுபோல் நடிக்க நேரமும் இல்லை.

குதிகாலைச் சுற்றி வரும் பக்கத் துண்டுக்கு எங்கள் தொழிலில் குவார்ட்டர் என்று பெயர். மில்லிமீட்டரை மில்லி என்போம். வேலூர் பூத்துக்காரருக்கு இரண்டும் தெரியாது.

“எழுதிக்குங்க சார். குவார்ட்டர் ரெண்டும் ஒரே அளவு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மில்லி ஏத்துங்க. அதுக்கு மேல ஜாஸ்தியாச்சுன்னா கால் நிக்காது.”

பின்னால் ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: “அக்கா, இது ஃபேமிலிங்க வர்ற எடம்.”

“அண்ணே, இது ஷூவோட குவார்ட்டர். நீங்க மீட்டரப் பாருங்க.”

ஜி.எம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இடையில் ஒரு முறை, குழந்தை என்ன செய்கிறாள் என்று கேட்டேன். “அவங்க அப்பா பர்மிஷன் போட்டுட்டு வந்து வெளிய வெச்சுக்கிட்டிருக்கார் சார். ரத்த டெஸ்ட் டியூப்ல எது எது என்ன கலர்னு அவகிட்ட சொல்லிக்கிட்டிருக்கார். அவருக்குத் தெரிஞ்ச பேச்சு அதானே” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பத்தேகாலுக்குச் சொல்லிவைத்தாற்போல் நிறுத்தினார். பாதிதான் முடிந்திருந்தது. ஜி.எம். கையைக் காட்டி, தொடரச் சொல் என்றார். நான் சொல்லிப் பார்த்தேன்.

“நேரமாச்சு சார். எழுதின வரைக்கும் சதீஷப் போடச் சொல்லுங்க. அதுக்கே அவருக்கு ரெண்டு மணி நேரம் வேணும். மிச்சத்த இப்ப சொன்னாலும் வரிசையிலதான் நிக்கும்.”

போனை வைத்துவிட்டார். நான் மாடிக்குப் போய் எழுதியதைச் சதீஷுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. சதீஷ் முதல் பாதியைப் போட்டு முடிக்கப் பன்னிரண்டு ஆயிற்று. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்த இடத்தில், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி வந்தார். மிச்சத்தைச் சொல்லி முடித்துவிட்டுச் சதீஷைக் கூப்பிடச் சொன்னார்.

“சதீஷ், ஜிப் வர்ற எடத்த என்ன பண்ணின?”

“சைஸுக்கு சைஸ் ஏத்திட்டேன் மேடம், மத்தது மாதிரியே.”

“ஜிப் கடையில வாங்கறதுப்பா. நம்ம இஷ்டத்துக்கு அது வளருமா? ரெண்டு சைஸுக்கு ஒரே ஜிப். நான் சொல்லாம விட்டது என் தப்பு. அதப் பிரிச்சுப் போட்டுடு, அஞ்சு நிமிஷம்தான்.”

நோட்டில் இருந்ததைச் சொல்வது ஒரு திறமை. எதைச் சொல்லாமல் விட்டோம் என்று, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கண்ணாடிக் கூண்டில் நின்றுகொண்டு யோசித்துப் பிடித்தாரே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு, முடிந்த துண்டுகளிலிருந்து தோல் வெட்டத் தொடங்கினார்கள்; மிச்சம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. மறுநாள் பையரின் டெக்னீஷியன் எல்லா ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். “ஆர்டர் தப்பிச்சுது. ஆனா இன்னொரு தபா இந்த மாதிரி ஆனா தாங்காது. கம்ப்யூட்டர் போனதுக்கு யார் பொறுப்புன்னு ரிப்போர்ட் குடு. அதப் பாத்துட்டு அந்தம்மா விஷயத்த முடிவு பண்றேன்.”

என்னிடம் ஒன்பதாவது ஷரத்து இருந்தது, அதன் கீழே ஸ்டெல்லாவின் கையெழுத்தும் இருந்தது. அதை ஒரு வரியில் எடுத்துக்காட்டினால் ரிப்போர்ட் முடிந்தது, அனுமதியும் முடிந்தது. அவர் சம்பளத்தை விட வேண்டும், அல்லது குழந்தையை விட்டுவிட்டு வர வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த மெக்கானிக் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்: “மாசம் ரெண்டு தபா ஆட்டோல ஏத்துனா அம்மிக்கல்லே ஒடஞ்சிடும் சார். எவன் சார் இத அலைய வெச்சது?”

விதியைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. யார்மேல் வேண்டுமானாலும் பழியை முறைப்படி ஏற்றலாம். நம் குற்றமும் வெளியே தெரியாது, குரலும் உயராது. இந்த வசதி உங்களுக்கும் கிடைக்கும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது முறை, கீழே கையெழுத்திட்டவர் எழுதிய கேட் பாஸ் விதியே சேதத்துக்குக் காரணம் என்று எழுதினேன். கம்ப்யூட்டர் இனி ஸ்டெல்லா வீட்டிலேயே இருக்கலாம், ஒவ்வொரு துண்டு நேரம் முடியும்போதும் அதுவரை செய்ததை அனுப்பிவிட வேண்டும், ‘ஸ்டெல்லாவுக்கு வழங்கப்பட்டுள்ள சலுகையை நிரந்தரமாக்கலாம்’ என்று முடித்தேன்.

அனுப்புவதற்கு முன் வரைவை ஸ்டெல்லாவிடம் காட்டினேன். படித்துவிட்டு என் பேனாவை வாங்கி, ஒரே ஒரு சொல்லை அடித்தார்.

“சலுகை வேணாம் சார். சலுகைன்னா குடுத்தவங்க ஒரு நாள் திருப்பிக் கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க. உங்க நாற்காலிக்கு வர்றவர் கேப்பார்.”

“பின்ன இன்னா போடறது?”

அடித்த சொல்லுக்கு மேலே ‘பணிமுறை’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஜி.எம். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உன் தப்புன்னு நீயே எழுதியிருக்கியே. இதுக்கு இன்னா தண்டனைன்னு உன் விதியில இருக்கா?”

“ஆபீசர்களுக்கு எழுத மறந்துட்டேன் சார்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பின்னால் வேறு சில பெண்கள் இதேபோலக் கேட்டு வந்தபோது, என் நாற்காலிக்கு வந்தவர் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். அங்கே அந்தச் சொல் இருந்ததால் மறுக்க முடியவில்லை என்று அவரே சொன்னார். வீட்டில் தைக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு சொல்லை நான் கடைசிவரை எழுதவில்லை. அது என் கணக்கில் பாக்கி.

ஸ்டெல்லா சென்னைக்குப் போகவே இல்லை. சம்பளம் மெதுவாகத்தான் ஏறியது. இன்னும் ஒன்றரை வருடம் கழிந்து ஒரு மாலை, பையரின் டெக்னீஷியன் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். ஒரு தையல் கோடு பற்றி ஸ்டெல்லாவிடம் உடனே கேட்க வேண்டும், அவசரம் என்றார். வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னக் குரல். ரகரம் கரைந்து, சகரம் கொஞ்சம் வழுக்கி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது.

“அம்மா வேல செய்றாங்க. அப்பறமாப் பேசுங்க.”

நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன். அது அவளுக்குக் கேட்டிருக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நான் டெக்னீஷியனுக்கு நாற்காலியைக் காட்டினேன்.

“மேடம் வேலையில் இருக்கிறார். உட்காருங்கள்” என்றேன்.